அல்கட்ராஸில் அவருக்கு ஒரு குருவிகூட இல்லை

அவையோர்க்கு வணக்கம்.

அமெரிக்கக் கைதி ராபர்ட் ஸ்ட்ரவுட் என்றதும் 'அல்கட்ராஸ் பறவை மனிதர்' என்று சொல்லிவிடுகிறோம். அல்கட்ராஸ், சான் பிரான்சிஸ்கோ அருகே இருந்த தீவுச் சிறை. பட்டம் சரி, ஊர்தான் தப்பு. அவர் கேனரி என்னும் பாடும் சிறு குருவிகளை வளர்த்தது கான்சாஸ் மாநிலத்து லெவன்வொர்த் சிறையில். 1916-இல் அங்கே ஒரு காவலரைக் குத்திக் கொன்றவர் அவர். தூக்குத் தண்டனையை 1920-இல் அதிபர் வில்சன் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். தனிக்கொட்டடியில் இருந்தவர் முதலில் எடுத்து வளர்த்தவை சிறை முற்றத்தில் கிடந்த சிட்டுக்குருவிக் குஞ்சுகள். கேனரிகள் பிறகு வந்தன; ஏறக்குறைய 300 வரை வளர்த்தார்.

கொட்டடியில் கேனரி வளர்ப்பது லேசான காரியமா? பெட்டை நாளைக்கு ஒன்றாக நாலைந்து முட்டை இடும். இட்ட அன்றே அடைகாக்க விட்டால் முதல் குஞ்சு முந்திப் பொரிந்து பெருத்துவிடும்; கடைசிக் குஞ்சு இரைக்கு முட்டிமோத முடியாமல் சாகும். அதனால் முதல் மூன்று முட்டைகளையும் அன்றன்று காலையில் எடுத்துப் பஞ்சில் வைத்து, கூட்டில் போலி முட்டை போடுவார்கள். நாலாம் நாள் எல்லாவற்றையும் திரும்ப வைத்தால், சுமார் 14 நாளில் ஒன்றாகப் பொரியும்.

அடுத்த தொல்லை கோழிச்செல் என்னும் நுண்ணிய உண்ணி. பழைய பெட்டிப் பலகையை அறுத்துச் செய்த கூண்டில் இடுக்குக்கா பஞ்சம்? அந்த உண்ணி பகலில் அங்கே ஒளிந்திருக்கும், இரவில் இரத்தம் உறிஞ்சும். இராத்திரி கூண்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, விடிந்ததும் உதறாமல் புரட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான்.

தொற்று வந்தால் இன்னும் மோசம். புதுப் பறவையை ஒரு மாதமாவது தள்ளி வைக்கவேண்டும். ஒரு கொட்டடிக்குள் எங்கே தள்ளி வைப்பது? காற்றும் தூசியும் எச்சமும் எல்லாக் கூண்டுக்கும் பொது. காய்ச்சல் புகுந்தால் வரிசையாகச் சாகும். அந்தச் சாவுகளை அறுத்துப் பார்த்துத்தான் ஸ்ட்ரவுட் கேனரி நோய்கள் பற்றி எழுதினார். அந்த நூல் 1933-இல் வந்தது.

ஆய்வுக்கென்று விட்டுவைத்த சாமான்களில் அவர் சாராயமும் காய்ச்சியது பின்னால் தெரியவந்தது. இதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

1942 டிசம்பரில் அல்கட்ராஸுக்கு மாற்றினார்கள். ஸ்பானியர் கடற்பறவைகளின் பெயரை வைத்த தீவு அது. அங்கே இருந்த 17 வருடமும் ஒரு பறவை வளர்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.