மழையைப் பெய்விக்கும் காடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காடு என்றால் மழை மிகுதியாகப் பெய்யும் காடு என்றே நாம் பொருள்கொண்டு பழகியிருக்கிறோம். அந்தக் காடே மழையைப் பெய்விக்கவும் செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அமேசானைப் 'பூமியின் நுரையீரல்' என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் முதிர்ந்த காடு பகலில் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும், மரங்களின் சுவாசமும் உதிர்ந்த இலைகளை மக்கச் செய்யும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அமேசானின் பெருங்கொடை மூச்சுக்காற்று அன்று, தண்ணீர்.

அட்லாண்டிக் கடலின் ஈரத்தைச் சுமந்து கிழக்கிலிருந்து வீசும் காற்று, உள்நாட்டுக்குள் செல்லச் செல்ல மழையைக் கொட்டித் தீர்த்து வறண்டுவிட வேண்டும். அங்கோ கடற்கரையிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆண்டிஸ் மலையடிவாரத்திலும் மழை குறைவதில்லை. காரணம் மரங்கள்: வேர் உறிஞ்சும் நீரை இலைத்துளைகள் ஆவியாக வெளிவிட, நன்கு வளர்ந்த ஒரு மரம் ஒரே நாளில் பல நூறு லிட்டர் நீரைக் காற்றுக்குத் திருப்பித் தருகிறது. பிரேசில் அறிவியலாளர் எனேயாஸ் சலாத்தி 1970களில் இதை அழகாக மெய்ப்பித்தார். எடை மிகுந்த ஆக்சிஜன் அணுவைக் கொண்ட நீர் மேகத்திலிருந்து முதலில் உதிர்ந்துவிடும். ஆகவே உட்பகுதிக்குப் போகப் போக மழைநீரில் அதன் அளவு வேகமாகக் குறைய வேண்டும். ஆனால் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை; மழையாக விழுந்த அந்த நீரையும் மரங்கள் ஆவியாக்கிக் காற்றுக்குத் திருப்பித் தந்ததே காரணம். பெய்த மழையையே காடு மீண்டும் மேகமாக்கி அனுப்புகிறது என்றும், அமேசானின் மழையில் ஏறத்தாழப் பாதி அவ்வாறு மறுபடி பெய்வதே என்றும் அவர் கணித்தார். எஞ்சிய ஈரத்தை ஆண்டிஸ் மலைச்சுவர் தெற்கே திருப்பிவிடுகிறது. 'பறக்கும் ஆறுகள்' எனப்படும் அந்தக் காற்றோட்டம்தான் தெற்கு பிரேசிலுக்கும் பராகுவேக்கும் மழை தருகிறது.

கோடையில் 8 மீட்டருக்கும் கீழே வேர்விட்டு நீரெடுக்கும் மரத்தின் வேலையை, காட்டை அழித்து உருவாக்கும் மேய்ச்சல் நிலத்துப் புல் செய்ய முடியாது. காட்டில் 20 முதல் 25 சதவீதம் அழிந்தாலே இந்தச் சுழற்சி முறிந்து, பெரும்பகுதி வறண்ட புல்வெளியாக மாறக்கூடும் என்று சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாயும் காலநிலை அறிவியலாளர் கார்லோஸ் நோப்ரேயும் 2018இல் எச்சரித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது.

இது எங்கோ நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டைத் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பருவத்தில் நமக்குக் கிடைக்கும் சிறிதளவு மழையிலும் 25 முதல் 40 சதவீத ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளே தருகின்றன என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தார்கள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது.