பலகையின் அடிப்பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் விளையாட்டு, அதன் வரலாறு என்றதும் பலகையின் மேல் நிற்பவரைப் பற்றித்தான் பேச்செல்லாம். நான் பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் பேசப்போகிறேன். அலையின் எந்தப் பகுதியில் ஒருவரால் ஓட முடியும் என்பதைக் காலந்தோறும் தீர்மானித்தது அந்த அடிப்பக்கம்தான்.

பழைய ஹவாயில் மூன்று வகைப் பலகைகள் இருந்தன. குப்புறப் படுத்துச் செல்லக் குட்டையான பாய்ப்போ. எல்லோரும் பயன்படுத்திய மெல்லிய அலாயா. ஐந்து மீட்டர் வரை நீளும் ஓலோ, தலைவர் குடியினருக்கு மட்டும். கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளக் கல்லால் தேய்த்து, குக்குய் என்னும் மரக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். ஓட்டி முடித்ததும் உலர்த்தி, மறுபடி எண்ணெய் தடவி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வைப்பார்கள். இந்தப் பராமரிப்பு சடங்குக்காக அல்ல. நீர் குடித்த மரம் கனக்கும், வெடிக்கும்.

மிஷனரிகள் தடை செய்ததால்தான் சர்ஃபிங் அழிந்தது என்று சொல்வதுண்டு. அது பாதிக் கதை. மிஷனரிகள் வந்து இறங்கியது 1820-இல். அதற்கு முந்தைய ஆண்டே கபு என்னும் விலக்கு முறை கைவிடப்பட்டு, அதைச் சார்ந்த விளையாட்டு விழாக்களும் நின்றுபோயின. எல்லாவற்றையும் விடக் கொடியது வெளியிலிருந்து வந்த நோய்கள். 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தவரையும் சேர்த்து ஹவாய் மக்கள் சுமார் 40,000 பேர்தான். ஓட்ட ஆளில்லாமல் விளையாட்டு எப்படி நிலைக்கும்?

இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டும் பரவியது. 1912 ஒலிம்பிக்கில் நீச்சல் தங்கம் வென்ற டியூக் கஹானமோகு, 1914-15 கோடையில் சிட்னியில் ஓட்டிக் காட்டினார். ஆனால் அடிப்பக்கம் அப்போதும் வழவழப்பாகவே இருந்தது. செங்குத்தான அலையில் குறுக்காகத் திரும்பினால், அகன்ற வால் பிடியில்லாமல் வழுக்கி, பலகை பக்கவாட்டில் சரிந்துவிடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. 1935-இல் அமெரிக்க சர்ஃபர் டாம் பிளேக், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் உலோக அடிக்கட்டையை, ஏறக்குறைய ஓரடி நீளம், நான்கு அங்குல ஆழம், தம் பலகையில் பொருத்தினார். அதுதான் முதல் ஃபின், பலகையின் அடியில் துருத்தி நிற்கும் துடுப்பு. 1937-இல் ஹொனலுலு இளைஞர்கள் வேறு வழியில் போனார்கள்: வாலைக் கோடரியால் ஒடுக்கி, அடியை V வடிவாக்கினார்கள். வால் நீரில் அமிழ்ந்து பிடித்தது. இன்று வெல்வது ஃபின் என்றாலும், ஒடுங்கிய வால் பெரிய அலைக்கான பலகைகளில் இன்னும் வாழ்கிறது.

1950-களின் இறுதியில் பாலியூரித்தேன் நுரையும் கண்ணாடியிழையும் மரத்தை ஓரங்கட்டின. எடை குறைந்தது, 1967-க்குப் பிறகு நீளமும் மளமளவென்று குறைந்தது. குட்டைப் பலகையில் ஒற்றை ஃபின் மந்தமாகத் திரும்பியது. இரட்டை ஃபின் வேகமானது, ஆனால் பெரிய அலையில் நிலைகொள்ளாது. ஆஸ்திரேலிய வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபினோடு 1979 முதல் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். பெரிய உடல்வாகுள்ள இன்னொரு ஆஸ்திரேலிய வீரர் சைமன் ஆண்டர்சனுக்கு அது ஒத்துவரவில்லை. 1980-இல் அவர் மூன்று ஃபின்களை வைத்தார். 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியை அதில் வென்றார். அந்த மூன்று ஃபின் பலகையின் பெயர் த்ரஸ்டர்.

அதன் நுட்பம் கோணத்தில் இருக்கிறது. பக்க ஃபின்களின் முன்முனை பலகையின் மூக்கை நோக்கி உள்ளே சாயும். ஃபினின் அடிப்பாகத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதிகமானால் நேராகப் போகும்போது இழுவை கூடி வேகம் செத்துவிடும். ஃபினின் உள்முகம் தட்டை, வெளிமுகம் வளைவு. சாய்க்கும்போது இதுவே பலகையை வளைவுக்குள் இழுக்கிறது. நடு ஃபின் இருபுறமும் ஒரே வளைவு.

பக்க ஃபின்களை இடவலம் மாற்றிப் பொருத்தியவர்கள் பலகையைக் குறை சொல்வதை அடிக்கடி கேட்கலாம்! நீளப் பலகையில் நடு ஃபினை, அது பொருந்தும் பள்ளமான பெட்டிக்குள் முன்னே தள்ளினால் திருப்பம் எளிது, பின்னே தள்ளினால் உறுதி. ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். எது எதை மாற்றியது என்று பிறகு தெரியாது.