கதைக்குள் கணக்குக் கேட்பவர்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களை விடாமல் பார்க்கிறவர்களும் படிக்கிறவர்களும் நம் மாவட்டத்தில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாகர்கோவிலிலும் படிக்கும் மாணவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி, முந்தைய பாகத்தில் சொன்னதும் இந்தப் பாகத்தில் காட்டியதும் ஒத்துப்போகின்றனவா என்று மணிக்கணக்கில் வாதிடுவதுண்டு. இயற்பியல் கற்பித்தவன் என்பதால் என்னையும் அங்கே நடுவராக உட்கார வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் தவறாமல் ஒரு கேள்வி விழும்: "ஆகாசத்துல பறக்கான், போன நூற்றாண்டுக்குத் திரும்பிப் போறான், அதை எல்லாம் நம்பிட்டு, இதுல போயி லாஜிக் இடிக்குன்னு சண்டை போடுதியளே, மக்களே?"

கேள்வி நியாயமானதாகத்தான் தோன்றும். ஆனால் இரணியன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் தனக்குச் சாவு வரக்கூடாது என்று அவன் வரம் வாங்கியிருந்தான். தூணைப் பிளந்துகொண்டு தெய்வம் வந்ததைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் நம் மக்கள், அது நண்பகலில் வந்து நடுக்கூடத்தில் அவனைக் கொன்றதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்தி, வரம் என்னவாயிற்று என்று கேட்டுவிடுவார்கள். அந்திப் பொழுதும் வாசற்படியும் சிங்க முகமும் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே சொல்லிவைத்த பதில்கள். தொடர்களின் ரசிகர்கள் கேட்பதும் இதே கேள்விதான்.

பிரிட்டனில் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரைப் பாருங்கள். முதல் நாயகராக நடித்தவரின் உடல்நலம் குன்றியதால், 1966இல் அந்தப் பாத்திரமே உடல் மாறி வேறொருவராக உயிர்த்தெழுவதாகக் கதையை அமைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த உத்திக்கு, 1976இல் வந்த ஒரு கதை எல்லை வகுத்தது. வேற்றுலகவாசியான அந்த நாயகனின் இனத்தவர் 12 முறைதான் உடல் மாறலாம். தொடர் அவ்வளவு காலம் ஓடும் என்று அன்று யாரும் கணக்குப் போட்டிருக்க வழியில்லை. ஆனால் ரசிகர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 2013ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று ஒளிபரப்பான பாகத்தில், நாயகனின் இனத்தவரே அவனுக்குப் புதிதாக இன்னொரு சுற்று வழங்கியதாகக் காட்ட வேண்டி வந்தது. வசதிக்காக வளைத்த திருப்பம்தான் என்றாலும், விதியை மறந்ததாகப் பாசாங்கு செய்யாமல், இருப்பதை ஒப்புக்கொண்டு கடந்தார்களே என்பதற்காக அதை நான் மதிக்கிறேன்.

ரசிகர்களின் கணக்கு எழுத்தாளரின் அடுத்த நூலையே தீர்மானித்த ஒரு நிகழ்வு இதைவிடச் சுவையானது. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1970இல் 'ரிங்வேர்ல்ட்' என்ற நாவலை வெளியிட்டார். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவையே ஆரமாகக் கொண்ட மாபெரும் வளையம் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது; அதன் சுற்றளவு சுமார் 95 கோடி கிலோமீட்டர். நொடிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது சுழல்வதால், உட்புறத்தில் வாழ்பவர்களுக்குப் பூமியில் இருப்பது போன்ற எடை கிடைக்கிறது.

முதல் பதிப்பின் தொடக்கத்திலேயே வாசகர்கள் கையும் களவுமாகப் பிடித்த பிழை ஒன்று இருந்தது. கதாநாயகன் தன் 200ஆவது பிறந்தநாளை நீட்டிப்பதற்காக, நள்ளிரவு தன்னை எட்டிப்பிடிக்கும் முன் ஊர்விட்டு ஊர் கணப்பொழுதில் தாவுகிறான். ஆனால் கிழக்கு நோக்கித் தாவுகிறான். வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கே புத்தாண்டு பிறந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் துபாயில் இருப்பவர்களுக்குப் பிறக்கிறது. பழைய நாள் கையைவிட்டுப் போகாதிருக்க வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். அடுத்த பதிப்புகளில் பயணத்தின் திசை திருத்தப்பட்டது. அந்தப் பிழையுள்ள முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்பு இருக்கிறது.

திசையை மாற்றுவது எளிய வேலை. மறு ஆண்டு, 1971இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள், மாநாடு நடந்த ஹோட்டலின் நடைக்கூடங்களில் "ரிங்வேர்ல்ட் நிலையற்றது" என்று கோஷமிட்டுக்கொண்டே போனார்கள். அவர்கள் சொன்னது உண்மை. வளையம் சற்றே ஒரு பக்கம் நகர்ந்தால், அருகே வந்துவிட்ட பகுதியை விண்மீன் முன்னைவிட வலுவாக இழுக்கும். எதிர்ப்பகுதியின் மீதான இழுப்பு தளரும். ஆகவே நகர்ந்தது மேலும் நகர்ந்து, முடிவில் விண்மீனிலேயே மோதும். தனித்தனியாகச் சுற்றும் கோள்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரே துண்டாக விறைத்து நிற்கும் வளையத்துக்குத்தான் உண்டு. சனிக்கோளின் வளையங்கள் ஒற்றைத் திடப்பொருளாக இருக்க முடியாது, எண்ணற்ற சிறு துகள்களாகத்தான் இருக்க வேண்டும் என்று 1859இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் காட்டியதும் இந்த வகைக் கணக்கினால்தான்.

நிவென் சப்பைக்கட்டு கட்டவில்லை. 1980இல் வெளியான இரண்டாம் பாகத்தில், வளையத்தை நிலையில் நிறுத்திவைக்க அதன் விளிம்புச் சுவரில் உந்து இயந்திரங்கள் இருந்தன என்றும், பிற்காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் அவற்றில் பலவற்றைக் கழற்றித் தங்கள் விண்கலங்களில் பொருத்திக்கொண்டார்கள் என்றும், அதனால் வளையம் இப்போது நழுவத் தொடங்கிவிட்டது என்றும் எழுதினார். மாணவர்கள் கத்திய அந்த வாக்கியமே இரண்டாம் பாகத்தின் கதையாக ஆகிவிட்டது. பிழைக்குச் சொல்லும் விளக்கம் கதைக்குப் புதிய வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இந்த நூல்தான் காரணம்.

எல்லா ஓட்டைகளையும் அடைக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் க்ளிங்கான் என்ற வேற்றுலக இனத்தவர், 1960களில் ஏறக்குறைய மனிதர்களைப் போலவே இருந்தார்கள். ஒப்பனைக்குப் பணம் கூடிய பிறகு, 1979ஆம் ஆண்டுத் திரைப்படம் முதல் அவர்களுக்கு நெற்றியில் முகடுகள் முளைத்துவிட்டன. 1996இல் பிற்காலத் தொடரின் ஒரு பாகம், பழைய தொடரின் காட்சிகளுக்குள்ளேயே புதிய பாத்திரங்களை அனுப்பிவைத்தது. முகடில்லாத பழைய க்ளிங்கான்களைக் கண்ட தோழர்கள், தங்களுடன் இருக்கும் வோர்ஃப் என்ற க்ளிங்கானிடம் காரணம் கேட்கிறார்கள். அவன், இதைப் பற்றி வெளியாரிடம் நாங்கள் பேசுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். பார்வையாளர்கள் சிரித்தார்கள், விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கலாம். 2005இல் மரபணுச் சோதனை, அதிலிருந்து பரவிய நோய் என்று இரண்டு பாகங்களில் காரணம் சொன்னார்கள். விளைவு, பழைய தொடரில் முகடின்றி வந்த மூன்று பேர் 1994ஆம் ஆண்டுப் பாகம் ஒன்றில் முகடுகளோடு வருகிறார்களே, அவர்களுக்கு அது எப்படித் திரும்பக் கிடைத்தது என்று அடுத்த சண்டை கிளம்பியது. ஒப்பனைப் பெட்டி தந்த பிரச்சினையை மருத்துவத்தால் தீர்க்கப் போனதன் பலன் அது. மாணவர்களில் பாதிப் பேர் இந்தக் கருத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

'ஸ்டார் டிரெக் வாயேஜர்' விஷயம் அப்படிப்பட்டதல்ல. 1995இல் தொடங்கிய அந்தத் தொடரில், விண்கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டுத் தொலைவில் தனியே சிக்கிக்கொள்கிறது. தொடக்கப் பாகங்களில் ஒன்றிலேயே, கையில் இருப்பது ஏவுகணை போன்ற 38 டார்பிடோக்கள், தீர்ந்தால் வேறு கிடைக்க வழியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டவர்களுக்கு, இனி ஒவ்வொரு டார்பிடோவும் விலையுள்ளது என்ற பதற்றம் வருகிறது. கதை அந்தப் பதற்றத்தை வேண்டுமென்றே விற்றது. ஏழு பருவங்கள் முடிவதற்குள் 38ஐத் தாண்டி ஏவியும் விட்டார்கள். மார்த்தாண்டத்து மாணவர் ஒருவர் தன் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு போட்டுக் கட்டுக் கட்டாக எண்ணி வைத்திருக்கிறார். பொருள்களை உருவாக்கித்தரும் கருவி கப்பலிலேயே இருக்கிறதே, செய்துகொண்டிருப்பார்கள் என்பது அவருடைய நண்பரின் கட்சி. செய்ததாக ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் காட்டு என்று இவர் கேட்கிறார். வழியில்லை என்று வாய்விட்டுச் சொன்னது கதைதான் என்பதால் நான் இவர் பக்கம். ஆனால் இப்போது வழக்கு வேறிடத்துக்குப் போய்விட்டது. ஒரே கட்டளையில் சேர்ந்தாற்போல் பாய்கிறவற்றை ஒன்றாக எண்ணுவதா, தனித்தனியாக எண்ணுவதா என்பதில் இருவருக்கும் உடன்பாடில்லை. ஆகவே 39ஆவது டார்பிடோ எந்தப் பாகத்தில் ஏவப்பட்டது என்பதை முடிவு செய்ய, வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பருவத்திலிருந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கப் போகிறார்கள்.

வணக்கம்.