வேருக்குத் தண்ணீர், இலைக்கு வெயில்

வணக்கம் நேயர்களே.

ஒரு ரோஜாப் பூவை யாராவது உங்கள் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நிறத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். சின்னக் குழந்தைகூட அதைத்தான் செய்கிறது. மணம் இல்லை என்று தெரிந்ததும் அந்த முகம் லேசாக வாடும். மஞ்சள் ரோஜாவை முகர்ந்தவர்களிடம் அந்த வாட்டத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணைப் பறிக்கிற மஞ்சளாக இருக்கும், வாசனை இருக்காது. வாசனை இருந்தால் செடி இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும். நல்ல மஞ்சளும் நல்ல மணமும் இலை நிறைந்த செடியும் ஒரே இடத்தில் அமையுமா? அமையும். பல வருடங்களாக வளர்த்து வருகிறேன், அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

நான் பேசுவது ஹைப்ரிட் டீ என்ற வகையைப் பற்றி. நீளமான காம்பு, பெரும்பாலும் காம்புக்கு ஒரே பூ, நடுவில் கூம்பு போல உயர்ந்து மெல்லச் சுருள் அவிழ்கிற மொட்டு. பூங்கொத்துகளில் நீங்கள் பார்க்கிற ரோஜா பெரும்பாலும் இதுதான். இந்த வகையின் முதல் ரோஜா என்று சொல்லப்படுவது 1867-ல் பிரான்சில் வெளிவந்த லா பிரான்ஸ். அது இளஞ்சிவப்பு. அந்தக் காலத்துத் தோட்டங்களில் வெளிர்மஞ்சள் ரோஜாக்கள் இருந்தன. ஆனால் அடர்ந்த மஞ்சளில், திரும்பத் திரும்பப் பூக்கிற பெரிய ரோஜா கிடைப்பது அரிதாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் செடி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது புரிந்துவிடும்.

பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் பெர்னே டுஷே என்று ஒருவர் இருந்தார். ரோஜாக்களைக் கலந்து புது வகைகள் உருவாக்குவது அவருடைய தொழில். பெர்சியன் எல்லோ என்று ஒரு புதர் ரோஜா உண்டு. அசல் மஞ்சள், ஆனால் வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அந்த மஞ்சளைத் தோட்டத்து ரோஜாவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1880-களில் ஆரம்பித்தார். எத்தனையோ பூக்களில் அதன் மகரந்தத்தைத் தடவினார். விதை பிடிப்பதே அரிது, முளைப்பது அதைவிட அரிது. கடைசியில் 1900-ல் சோலே டோர் என்ற ரோஜாவை வெளியிட்டார். தங்கச் சூரியன் என்று பொருள். ஆரஞ்சு கலந்த மஞ்சள். இன்று நம் தோட்டங்களில் இருக்கிற அடர்மஞ்சள் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் வம்சத்தைத் தேடிப்போனால் அங்கேதான் போய் நிற்கும்.

அவருடைய இரண்டு மகன்களும் முதல் உலகப்போரில் இறந்துபோனார்கள். பிற்பாடு தான் உருவாக்கிய இரண்டு ரோஜாக்களுக்கு அந்த மகன்களின் பெயரை வைத்தார். அதில் மகன் கிளாடியஸின் பெயரைத் தாங்கிய ரோஜா, 1920-ல் வந்தது, மஞ்சள் நிறம். ஒரு தகப்பன் தன் வாழ்நாளெல்லாம் தேடிய நிறத்தை மகனுக்குக் கொடுத்திருக்கிறார். மஞ்சள் ரோஜா மொட்டு விரியும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

சரி, செடிக்கு வருவோம். அந்தப் பெர்சியன் எல்லோ எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்துக்குத் தாவரவியலாளர்கள் வைத்த பெயர் ரோசா ஃபோட்டிடா. லத்தீனில் துர்நாற்றம் வீசுவது என்று அர்த்தம். அதுபோக, கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கிற செடி அது. ஆக, மஞ்சளோடு சேர்ந்து இந்த இரண்டும் வந்தன. வாசனைக் குறையை, நல்ல மணமுள்ள ரோஜாக்களோடு மறுபடி மறுபடி கலந்து பிற்காலத்தவர்கள் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். கரும்புள்ளி மட்டும் பல மஞ்சள் ரோஜாக்களில் இன்னும் விடவில்லை. அதனால்தான் சிவப்பு ரோஜாவுக்குச் செய்வதையே மஞ்சளுக்கும் செய்தால் போதாது என்கிறேன்.

கரும்புள்ளி என்பது ஒரு பூஞ்சை. அதன் வித்து இலைமேல் விழுந்தால் மட்டும் போதாது. இலை விடாமல் சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் உள்ளே நுழையும். இதைத் தெரியாமல் முதல் மூன்று வருடங்கள் நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலை முடிந்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு, பூவாளியால் செடியைத் தலையோடு நனைப்பேன். வெயிலில் காய்ந்த செடி, குளிரட்டும் என்ற பாசம். ராத்திரி முழுக்க இலை ஈரத்தில் இருக்கும். அடி இலைகளில் கரும்புள்ளி வரும், சுற்றிலும் பழுக்கும், உதிரும். அப்புறம் மேல் இலைகள். மருந்து அடித்தேன், நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றுவதைக் காலைக்கு மாற்றி, அடியில் மட்டும் ஊற்றத் தொடங்கினேன். விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கினேன், ஏனென்றால் நோய் அதில்தான் தங்கியிருந்து அடுத்த தளிருக்குத் தாவும். அடுத்த வருடம் செடி இலையோடு நின்றது.

வேருக்குத் தண்ணீர், இலைக்கு வெயில். இதை இன்னும் ஒரு தடவை சொல்வேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான். ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் வெயில் வேண்டும். அதில் காலை வெயில் அவசியம், ராத்திரி விழுந்த பனியை அதுதான் உலர்த்தும். சாயங்கால வெயில் கடுமையாக அடிக்கிற இடமானால் மஞ்சள் நிறம் சீக்கிரம் வெளுத்துப்போகும். செடிகளுக்கு நடுவே இரண்டரை அடியாவது விடுங்கள், காற்று புகுந்து போகட்டும். குழி ஒன்றரை அடி ஆழம். மக்கிய தொழு உரம் மண்ணோடு கலந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கவே கூடாது. மண்ணின் மேல் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், மழை அடிக்கும்போது மண் தெறித்து இலையில் ஒட்டுவதும் குறையும்.

இப்போது மணம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. என் தோட்டத்தில் ஒரு மஞ்சள் ரோஜாவின் முதல் பூ மலர்ந்தபோது, மத்தியானம் மூன்று மணிக்குப் போய் முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் அதே நேரத்தில் போனேன், ஒன்றுமில்லை. செடியைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கலாம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா, "எதைப் பிடுங்கப்போறே? காலையிலே கதவைத் திறந்தா அதோட வாசனைதானே உள்ளே வருது" என்றார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பாதி விரிந்த பூ, எலுமிச்சையும் தேனும் கலந்தது மாதிரி ஒரு மணம். அந்தச் செடி இன்னும் அதே இடத்தில் இருக்கிறது.

ரோஜாவின் வாசனை இதழின் மேல்தோலில் உண்டாகிற எண்ணெய் போன்ற பொருட்களிலிருந்து ஆவியாகி வருவது. கொளுத்துகிற வெயிலும் காற்றும் இருந்தால் பறந்துவிடும். மண்ணில் ஈரம், காற்றில்லாத இளங்காலை, பாதி விரிந்த பூ, இந்த மூன்றும் சேரும்போது முகர்ந்து பாருங்கள். இன்னொரு ஆச்சரியம் சொல்கிறேன். இந்த மஞ்சளைத் தருவது கேரட்டில் இருக்கிற அதே கரோட்டினாய்டு குடும்பம். அந்த நிறமி சிதையும்போது உண்டாகிற சில பொருட்களும் ரோஜாவின் மணத்தில் சேர்கின்றன. மஞ்சளே கொஞ்சம் மணமாக மாறுகிறது என்று சொன்னால் தப்பில்லை.

செடி வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பூத்திருக்கிற செடியைக் காலையில் போய் முகர்ந்து வாங்குங்கள். 1945-ல் வந்த பீஸ் உலகப் புகழ் பெற்ற மஞ்சள் ரோஜா, ஆனால் மணம் மென்மையானது. மணத்துக்காகவே வைப்பதானால் 1950-ல் வந்த சட்டர்ஸ் கோல்ட் என் முதல் தேர்வு. மொட்டில் சிவப்புத் தீற்றல், விரிந்தால் தங்கமஞ்சள். மணத்துக்கென்றே அமெரிக்காவில் தருகிற காம்பிள் விருதை 1966-ல் வாங்கியது. காம்பு கொஞ்சம் ஒல்லி. அந்த வாசனைக்கு முன்னால் அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

உரம் அளவாகப் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும், பூ குறையும், மெத்தென்ற தளிரைத் தேடி அசுவினிப் பூச்சியும் வரும். இலை ஏன் முக்கியம் என்றால், பூவுக்கும் மணத்துக்கும் வேண்டிய சத்தை அதுதான் சமைத்துத் தருகிறது. அதனால் மறுபடியும், வேருக்குத் தண்ணீர், இலைக்கு வெயில்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். கவாத்தை, அதாவது கிளை வெட்டிவிடுவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாடிய பூவை, அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் உள்ள இலையில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். ஆறேழு வாரத்தில் அடுத்த பூ வரும். பெரிய கவாத்து, குளிர் முடிந்து கணுக்கள் புடைக்கத் தொடங்கும்போது. பட்ட கிளை, உள்ளே குறுக்கே ஓடுகிற கிளை முதலில் போகட்டும். கத்தரி கூர்மையாக இருக்கட்டும். முக்கியமாக, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து ஏதாவது கிளை வந்தால் அது உங்கள் மஞ்சள் ரோஜா இல்லை, வேர்ச்செடி, அதாவது ஒட்டுக் கட்ட அடியில் வைத்த வேறு ரோஜா. வெட்டினால் மறுபடி வரும். மண்ணைத் தள்ளிவிட்டு, அது கிளம்புகிற இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கிப் பிய்த்து எடுத்துவிடுங்கள். தொட்டியில் வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல இன்று நேரமில்லை. நன்றி, வணக்கம்.