கடலுக்கடியிலிருந்து ஓர் அலறல்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு திரைப்படத்தைப் பற்றி வானொலியில் பேச அழைத்தார்கள். காட்ட முடியாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், காதால் கேட்டே பயந்த படம் ஒன்று எனக்கு உண்டு. 1954-இல் ஜப்பானில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா'. கடலிலிருந்து எழுந்துவந்து டோக்கியோவை அழிக்கும் ஒரு ராட்சத விலங்கின் கதை; நாம் காட்ஸில்லா என்று சொல்வது இதைத்தான்.

படம் தொடங்கும்போது விலங்கு கண்ணில் படாது. பெயர்கள் ஓடும், பின்னால் தொம், தொம் என்று காலடி. பிறகு அந்த அலறல். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே அதை எந்த விலங்கிடமிருந்தும் எடுக்கவில்லை. டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவியின் நரம்பைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்துத் தேய்த்து, பதிவான ஒலியை மெதுவாக ஓட்டி உருவாக்கியது. எனக்கு அதில் கோபத்தைவிட வலிதான் அதிகம் கேட்கிறது.

வலிக்குக் காரணமும் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அபாயப் பகுதி என்று அறிவித்திருந்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் 23 பேர். அவர்களில் வானொலித் தொடர்பைக் கவனித்துவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். அதற்கு 41 நாள் கழித்து, நவம்பர் 3 அன்று, கோஜிரா திரைக்கு வந்தது. முதல் காட்சியிலேயே ஒரு கப்பல். மாலுமிகள் மேல்தளத்தில் இளைப்பாறுகிறார்கள். கடல் திடீரென்று ஒளிர்கிறது, கப்பல் பற்றி எரிகிறது, உள்ளே ஒருவர் அபாயச் செய்தியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது எப்படி வெறும் கற்பனையாக இருந்திருக்கும்?

விலங்கு என்பது ரப்பர் உடைக்குள் நின்ற ஒரு மனிதர்தான், ஹருவோ நகாஜிமா. உடையின் எடை ஏறத்தாழ 100 கிலோ. ஒலியை மெதுவாக்கியதைப் போலவே அவருடைய நடையையும் வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டினார்கள். அதனால்தான் அந்தக் கால்களுக்கு அத்தனை கனம். சில இடங்களில் பொம்மை வண்டி பொம்மை வண்டியாகவே தெரியும். தெரியட்டுமே!

நான் மறக்காத காட்சி வேறு. டோக்கியோ எரிகிறது. கோபுரத்தின்மேல் நின்று நேரடி வர்ணனை தருகிறார் ஓர் அறிவிப்பாளர். விலங்கு நெருங்கி வந்து கோபுரத்தைப் பற்றுகிறது. அவர் ஒலிவாங்கியை விடவில்லை. "நேயர்களே, சயோனாரா" என்று விடைபெற்றபடியே கோபுரத்தோடு கீழே போகிறார். இந்த அறையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கே குரல் சற்று இறங்குகிறது.

பின்னால் வந்த படங்களில் இதே விலங்கு குழந்தைகளுக்குத் தோழனாகவும் ஆயிற்று. அவற்றையும் ரசித்தேன், ஆனால் திரும்பத் திரும்பப் போவது முதல் படத்துக்குத்தான். அதில் விலங்கைக் கொல்லும் கருவியைக் கண்டுபிடித்த செரிசாவா, அது நாளை இன்னொரு குண்டாகிவிடும் என்று அஞ்சித் தன் குறிப்புகளை எரித்துவிட்டு, கடலடியிலேயே தங்கிவிடுகிறார். கோஜிரா ஒருமுறை நீருக்குமேல் எழுந்து அலறிவிட்டு மூழ்குகிறது. அதே தந்தி, அதே கையுறை. அந்தக் கணத்தில் மனம் யாருக்காகக் கலங்குகிறது, மனிதருக்கா விலங்குக்கா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வணக்கம்.