கிராண்ட் கிரீனும் கூட வாசித்தவர்களும்

விழாத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மாடியைத் திறந்துவிட்ட அரிசி ஆலை முதலாளி அவர்களே, எனக்கு முன்னால் பேசி நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, கிளை நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். புரவலர் ஐயா காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். யார் பேராவது விட்டுப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேர் விட்டுப் போகிற சங்கதிக்கு நானே வரப்போகிறேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டும் தேவாலயப் பாட்டும் கலந்த ஜாஸ் இசைக்கு சோல் ஜாஸ் என்று பெயர். அதில் பேர் பெற்ற கிதார் கலைஞர் கிராண்ட் கிரீனின் பெயரில் முதலில் வந்த இசைத்தட்டு 'கிராண்ட்ஸ் ஃபர்ஸ்ட் ஸ்டாண்ட்', 1961. மூன்று விஷயம் சொல்ல வந்தேன். தட்டு பிறந்த கதை, அதில் ஆர்கன் என்கிற கீபோர்டு வாத்தியம் பார்க்கிற வேலை, பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் 'கார்டு'களை ஒதுக்கி கிரீன் ஒற்றைச் சுரங்களாகவே வாசித்த காரணம். 'ஒரு கை தட்டினால் ஓசை வராது' என்பார்கள். மறுபடியும் இதுவா என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

கிரீன் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சன் அந்த ஊரில் அவர் வாசிப்பைக் கேட்டு, நியூயார்க்குக்கு வரவைத்து, புளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் லயனிடம் கொண்டுபோய் விட்டார். 1960 நவம்பரில் ஒலிப்பதிவு. புதுப் பையனுக்குக் கூட வாசிக்க யாரை உட்கார வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பியானோவில் வின்டன் கெல்லி. அடிச்சுரம் பிடிக்கிற பாஸ் வாத்தியத்தில் பால் சேம்பர்ஸ். டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். மூன்று பேருமே டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தவர்கள்! மாப்பிள்ளைக்கு முதல் முகூர்த்தத்திலேயே யானை ஊர்வலம். வாசித்தார்கள், பதிவானது. அப்புறம்? கம்பெனி அதை வெளியிடவில்லை. டேப் அலமாரிக்குப் போனது. எத்தனை வருஷம் தெரியுமா? 2001-ல்தான் வெளியே வந்தது. கிரீன் 1979-லேயே காலமாகிவிட்டார்.

சரி, பையன் ஊருக்குத் திரும்பினாரா? இல்லை. 1961 ஜனவரி 28. நியூஜெர்சி மாநிலம் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. இந்த முறை கூட வந்தவர்கள் இரண்டே பேர். ஹாமண்ட் ஆர்கனில் பேபி ஃபேஸ் வில்லெட், டிரம்ஸில் பென் டிக்சன். முந்தைய மூவர் அளவுக்குப் பேர் எடுத்தவர்கள் இல்லை. பாஸுக்குத் தனி ஆளே கிடையாது, அதையும் ஆர்கன்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்குப் பதிவான ஆறு உருப்படிகளும் தட்டாக வந்தன. கிரீன் சுரங்களை ஒவ்வொன்றாகத் தெறிக்கவிடும்போது, அடியில் ஆர்கன் நீளமாக இழுத்துப் பிடிக்கிறது. தேவாலயப் பாட்டின் ஈரமும் புளூஸும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு கை தட்டினால் ஓசை வராது!

இன்னொன்று கேளுங்கள். இரண்டே நாள் கழித்து, அதே மாதம் 30-ம் தேதி, அதே மூவரோடு ஒரு சாக்ஸபோன்காரரும் சேர்ந்தார். இந்தத் தடவை வில்லெட்டின் தட்டு, 'ஃபேஸ் டு ஃபேஸ்'. சனிக்கிழமை முன்னால் நின்ற கிரீன், திங்கட்கிழமை பக்கத்தில் நின்று வாசித்தார். மரியாதை என்றால் இது.

அந்தத் தட்டுகளின் பின் அட்டையைத் திருப்பினால் யார் எதை வாசித்தார் என்று அச்சாகியிருக்கும். இன்றைக்குச் செல்பேசியில் அதே இசையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் கண்ணில் படுகிறது. 'பேபிஸ் மைனர் லோப்' வில்லெட் எழுதிய உருப்படி. கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நம் சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் தெரியும், இசையமைத்தவர் தெரியும். இடையில் வருகிற கிதாரை வாசித்தவர் யார்? அந்தப் புல்லாங்குழல் யாருடையது? பல பாட்டுகளுக்குக் கேட்டால் சொல்ல ஆளில்லை. வாசித்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதி வைக்க இதுதான் நேரம். இதைத்தான் ஒவ்வொரு மேடையிலும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். ஒற்றைச் சுரக் காரணத்தைப் பேராசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார். எங்கள் கோரிக்கை இரண்டு வரிதான்: இந்த ஊர் மெல்லிசைக் கச்சேரி நோட்டீஸ்களில் கூட வாசிக்கிற ஒவ்வொருவர் பெயரும் வர வேண்டும், நூலகத்தில் இசைக் கலைஞர் பெயர்ப் பதிவேடு ஒன்று தொடங்க வேண்டும். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இல்லாதவர்கள் நூலகர் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.