அறுபதுக்கு மேல் ஓர் உலோக வால்வு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இதயத்தில் பழுதான வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு, இரவில் வீடு அடங்கியதும் ஒரு சத்தம் கேட்கும். தலையணையில் காது பதிந்திருக்கும்போது 'டிக், டிக்' என்று, கைக்கடிகாரம் போல. முதல் மாதம் தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு பழகிப்போகும். அந்தச் சத்தத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊர்களில் இப்படி வால்வு மாற்றியவர்களில் பலர் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் கண்டவர்கள். தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டுகளை வீங்கவைத்து, போகிற போக்கில் இதய வால்வைத் தடிக்க வைத்துவிட்டுப் போகும் நோய் அது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு விலைக்குக் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அந்தக் காலத்தில் முப்பது வயதில் வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள்.

இவர்களுக்கு வால்வே தேய்ந்து போவது அபூர்வம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நாளைக்கு ஒரு லட்சம் தடவை அது திறந்து மூடும். அதற்கென்றே செய்யப்பட்ட பொருள். சிக்கல் வேறு இடத்திலிருந்து வருகிறது. வயது ஏற ஏற, போய்ப் பார்க்கும் டாக்டர்களின் எண்ணிக்கையும் ஏறும். முழங்காலுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், சிறுநீருக்கு ஒருவர். ஒவ்வொருவரும் எழுதித் தருவது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நெஞ்சுக்குள் வால்வு இருப்பதும், நீங்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை வாய் திறந்து சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அந்த மாத்திரையைப் பார்ப்போம். நம்மிடம் அதிகம் புழங்குவது அசிட்ரோம், சிலருக்கு வார்ஃபரின். உலோகத்தின் மேல் ரத்தம் படிந்து கட்டியாகாமல் இவை பார்த்துக்கொள்ளும். ஒருவருக்கு 1 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 4 வேண்டியிருக்கும். அளவு சரியா என்று காட்டுவது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறதோ, அந்த எண் அவ்வளவு ஏறும். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாயிலில் இருப்பது) மாற்றியவருக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவில் இருப்பது) மாற்றியவருக்கு 2.5 முதல் 3.5. உங்கள் எண் எது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பரிசோதனை தேவைப்படாத புதிய வகை மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்பார்கள். உலோக வால்வுக்கு அவை உதவாது. சோதித்துப் பார்த்துக் கைவிட்டதுதான்.

ஒருநாள் 2, மறுநாள் 3 என்று மாற்றி மாற்றிச் சாப்பிடச் சொல்லியிருந்தால், இடையில் ஒருநாள் விட்டுப்போனதும் கணக்கு குழம்பிவிடும். அதைவிடக் கிழமை வைத்து எழுதி வாங்குவது நல்லது. வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறதல்லவா, மாதத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தாளிலும் அன்றைய அளவைப் பேனாவால் எழுதிவிடுங்கள். காலையில் தாளைக் கிழிக்கும் வழக்கத்தை விட்டு, மாலை 7 மணிக்கு மாத்திரை போட்ட பிறகே கிழியுங்கள். 'போட்டேனா, இல்லையா' என்ற சந்தேகத்துக்கு இடமே இருக்காது. மாலை வேளையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்ததும், அன்று இரவே அளவை மாற்றிக்கொள்ளலாம். மறந்துபோனது அன்றிரவே நினைவுக்கு வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள் காலையில் நினைவுக்கு வந்தால் விட்டுவிட்டு, மாலையில் வழக்கமான அளவு மட்டும். ஒருபோதும் இரட்டிப்பாக வேண்டாம். கடையில் புதுப் பட்டை வாங்கும்போது பெயரோடு நிற்காமல் மில்லிகிராம் எண்ணையும் படித்துப் பாருங்கள். 1 கேட்ட இடத்தில் 4 வந்துவிட்டால் விளைவு மோசம்.

ரத்தம் எடுக்கும் இடத்திலும் ஒரு கண் வைத்திருங்கள். ஐ.என்.ஆருக்கு நீல மூடி போட்ட குழாயில்தான் எடுப்பார்கள். அதற்குள் ஏற்கெனவே சிறிது சிட்ரேட் திரவம் இருக்கும். அது ஒரு பங்கு என்றால் ரத்தம் ஒன்பது பங்கு சேர வேண்டும் என்பது கணக்கு. குழாயில் அதற்குக் கோடு உண்டு. வயதானவர்களுக்கு நரம்பு எளிதில் அகப்படாது. கோட்டைத் தொடும் முன்பே ஊசியை எடுத்துவிடுவார்கள். ரத்தம் குறைந்தால் சிட்ரேட்டின் பங்கு கூடி, ஐ.என்.ஆர். உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் கட்டி சேரும். காரணமே இல்லாமல் எண் திடீரென்று ஏறியிருந்தால், ரத்தக் கசிவு எதுவும் இல்லாத பட்சத்தில், மறுபடி எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

கீரை சாப்பிடலாமா? சாப்பிடலாம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு, அது மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு கரண்டி என்றால் எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும். அந்த அளவுக்கு ஏற்ப மாத்திரை அமைந்துவிடும். தோட்டத்து முருங்கை தழைத்துவிட்டது என்று ஒரு வாரம் தினமும் பொரியல் செய்தால் ஐ.என்.ஆர். இறங்கும். காய்ச்சலில் ஐந்து நாள் வெறும் கஞ்சி குடித்தால் ஏறும். இந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை.

இனி மற்ற மருந்துகள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் இரண்டும் வேண்டாம். வயிற்றில் புண்ணாக்கும், அந்தப் புண்ணிலிருந்து வடியும் ரத்தம் நிற்காது. பாராசிட்டமால் போடலாம், ஆனால் நாளைக்கு 2 கிராம் வீதம் பல நாள் தொடர்ந்தால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல், சேற்றுப்புண்ணுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் இரண்டும் ஐ.என்.ஆரை வேகமாக ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். புதிதாக எந்த மருந்து சேர்ந்தாலும், நின்றாலும், மூன்று முதல் ஐந்து நாளில் ஒரு பரிசோதனை. நாட்டு மருந்துக்கும் இதே விதிதான். சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட இடுப்பில் ஊசி போடச் சொல்லாதீர்கள். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

காய்ச்சல் என்றதும் இரண்டு விஷயம். மழைக்காலத்தில் டெங்கு வந்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். ஏற்கெனவே உறையாத ரத்தம் என்பதால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் முதல் நாளே மருத்துவமனை. மற்றது, காரணம் தெரியாமல் மூன்று நாளைத் தாண்டும் காய்ச்சல். செயற்கை வால்வில் கிருமி குடியேறியிருக்கலாம். ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரி எடுக்கும் முன் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், கிருமி அரைகுறையாக ஒடுங்கிக் கல்ச்சரில் பிடிபடாமல் போகும். பிறகு எந்த மருந்து கொடுப்பது என்று டாக்டர் தடுமாற வேண்டியதுதான். இந்தக் கிருமிகளில் பல ஈறு வழியாக வருபவை. பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போகிறவர்கள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே தடவையாகச் சாப்பிட வேண்டும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு. பல்லுக்காக அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள். எண் சரியான எல்லைக்குள் இருந்தால், சாதாரணமாக ஒரு பல்லை நிறுத்தாமலே எடுக்கலாம்.

இன்னொன்று, வால்வில் உலோகம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். இன்று உடம்பில் இருக்கும் வால்வுகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எடுக்கலாம். வால்வு பொருத்தியபோது மருத்துவமனையில் தந்த வால்வு அட்டையைக் காட்டுங்கள்.

குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால், வீக்கம்கூட இல்லையே என்று படுத்துவிடாதீர்கள். மூளைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, பல மணி நேரம் கழித்துத்தான் மயக்கம் காட்டும். அன்றே சி.டி. ஸ்கேன். மலம் தார் போலக் கறுத்தாலும், வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும் 108. வந்தவர்களிடம் முதல் வாக்கியமே 'அசிட்ரோம் சாப்பிடுகிறார்' என்பதாக இருக்கட்டும்.

இப்போது அந்த 'டிக், டிக்'. நாள்தோறும் கேட்ட சத்தம் மங்கினாலோ, நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வால்வின் தகட்டில் ரத்தக்கட்டி சிக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தகடு முழுதாகத் திறக்கிறதா என்று அங்கே பார்த்துவிடுவார்கள். கிளம்பும்போது ஐ.என்.ஆர். நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று மாதத்து எண்களைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.

வணக்கம்.